அக்கா பேசியது நான்கு நிமிடம், நான் சொன்னது நான்கு சொல்

போன மாதம் ஒருவர் என்னை வாயை மூடச் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார், சிரித்த முகத்தோடு. ஆனாலும் சொன்னது அதைத்தான்.

என் வாயை மூடுவது லேசான காரியமா? இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும். கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் நீதிமன்றங்களில் இருபத்தெட்டு வருடம் வாயை வைத்துப் பிழைத்தவள் நான். தமிழில் சாட்சி சொல்கிறவர்கள் பேசுவதை நீதிபதிக்கு மலாயிலும் ஆங்கிலத்திலும் மொழிபெயர்க்கிற உத்தியோகம். வேலையிலிருந்து ஓய்வு வாங்கிவிட்டேன். வாய்க்கு இன்னும் ஓய்வு வரவில்லை.

மூன்று வாரமாக என்னைக் காணோமே என்று சிலர் விசாரித்திருந்தீர்கள். பிரிக்பீல்ட்ஸில் பூ வாங்கப் போன இடத்தில் ஒரு ஆன்டி என்னை அடையாளம் கண்டு, "என்னம்மா, எழுதறத நிப்பாட்டிட்டீங்களா?" என்று கேட்டார். நிறுத்தவில்லை. எழுத உட்கார்ந்தால் அசதியாக இருந்தது, அவ்வளவுதான். இப்போதும் அந்த அசதி போய்விடவில்லை. ஆனாலும் இதை இனிமேலும் தள்ளிப்போட மனசு வரவில்லை.

விஷயம் என் அக்காவைப் பற்றியது.

லெட்சுமி அக்காவுக்கு அறுபத்தாறு வயது. செந்தூலில் ஒரு பழைய ஃபிளாட்டில், நாலாவது மாடியில் தனியாக இருக்கிறாள். அத்தான் போய் ஆறு வருடம் ஆகிறது. ஒரே மகனுக்கு சிங்கப்பூரில் வேலை. அக்காவுக்குப் பத்து வருடமாக இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, கூடவே ரத்த அழுத்தம். கட்டடத்தில் லிஃப்ட் இருக்கிறது... ஓடுகிற நாளும் உண்டு, ஓடாத நாளும் உண்டு.

போன வருடக் கடைசியில் அவளுக்கு இடது தோளில் வலி ஆரம்பித்தது. கிளினிக்குக்குக் கூட்டிப் போவது என் பொறுப்பு. அந்த வலிக்காக மட்டும் மாதம் ஒன்றாக மூன்று தடவை போனோம். எந்த கிளினிக் என்று கேட்காதீர்கள். பெயரைச் சொல்லி யாரையும் சந்தியில் நிறுத்த இதை எழுதவில்லை.

அரசாங்க கிளினிக்கில் காத்திருந்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. காலை ஏழரைக்கே போய் நம்பர் எடுத்தாலும், நமக்கு முன்னால் ஒரு கல்யாணக் கூட்டம் உட்கார்ந்திருக்கும். ஏர்கானுக்கு நேர் கீழே உள்ள நாற்காலிதான் நமக்குக் கிடைக்கும். ரத்தம் எடுக்க ஒரு வரிசை, பிரஷர் பார்க்க ஒரு வரிசை, டாக்டரைப் பார்க்க ஒரு வரிசை, மருந்து வாங்க ஒரு வரிசை. காத்திருப்பதற்கே ஒரு தெம்பு வேண்டும். நோயாளியிடம் அது இருக்காது. கூடப் போகிறவர்களிடம் இருப்பதும் பத்து மணிக்குள் தீர்ந்துவிடும்.

அப்படித் தீர்ந்துபோன ஒரு நேரத்தில்தான் முதல் தடவை உள்ளே போனோம்.

டாக்டர் இளைஞர். என் மகன் வயதுகூட இருக்காது. கண் சிவந்திருந்தது. கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் பாதி கடித்த ஒரு பன். திரையைப் பார்த்துக்கொண்டே, "என்ன செய்யுது ஆன்டிக்கு?" என்று மலாயில் கேட்டார். கேட்டது அக்காவையா, என்னையா? என்னைத்தான் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அக்கா என் பக்கம் திரும்பித் தமிழில் ஆரம்பித்தாள். "அன்னைக்கு லிஃப்ட் கெட்டுப் போச்சு பாப்பா. செலாயாங் பாசார்ல இருந்து வந்தேனா, கையில கீரை, முருங்கைக்காய்..." கீரையிலிருந்து மூணாவது மாடி மலாய்க்காரம்மா, அவர் பேரன், படிக்கட்டில் யாரோ வைத்திருந்த சைக்கிள் என்று கதை நீண்டது. நடுவில் தோளைத் தொட்டுக் காட்டினாள். நடுவில் வேறு என்னென்னவோ சொன்னாள். சுவர்க் கடிகாரத்தில் நான்கு நிமிடம் ஓடியிருந்தது. வெளியே கதவை யாரோ தட்டினார்கள்.

டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"லெஃப்ட் ஷோல்டர் பெயின், டாக்டர்" என்றேன்.

அவர் முகத்தில் தெரிந்த நன்றியை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. மளமளவென்று டைப் அடித்தார். இனிப்பு நீர் உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப் போவது சகஜம் என்றார். வலி மாத்திரை, தடவிக்கொள்ள ஒரு ஜெல். அடுத்த மாதம் போனபோது வேறொரு டாக்டர் இருந்தார், கொஞ்சம் வீரியமான மாத்திரை கொடுத்தார். நான் சொன்னது அதே நான்கு சொல். மூன்றாவது தடவை மறுபடி அந்த இளைஞர். "சரி, பிசியோதெரபிக்குப் போங்க" என்று ஒரு தாள் எழுதிக் கொடுத்தார்.

ஏன் சுருக்கினேன்? வெளியே கூட்டம் என்பது ஒரு காரணம். பசி இன்னொரு காரணம். மூன்றாவது காரணத்தைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. இரண்டாவது தடவை அக்கா தானாகவே டாக்டரிடம் மலாயில் பேச ஆரம்பித்தாள். முப்பது வருடம் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் மலாய்ப் பெண்களோடு வேலை பார்த்தவள். அவள் மலாய் தண்ணீர் மாதிரி ஓடும். ஆனால் அது சந்தை மலாய். படித்தவர்கள் முன்னால் அவள் அப்படிப் பேசுவது எனக்குக் கூச்சமாக இருந்தது. "நான் சொல்றேன்க்கா" என்று குறுக்கே புகுந்துவிட்டேன். அவளும் பேசாமல் உட்கார்ந்துவிட்டாள்.

இதில் பெரிய கொடுமை என்ன தெரியுமா? இதே காரியத்தை நீதிமன்றத்தில் செய்திருந்தால் என் சீட்டு கிழிந்திருக்கும். அங்கே சாட்சி "அது வந்துங்க..." என்று இழுத்தால் அந்த இழுவையையும் சொல்ல வேண்டும். அழுதால், அழுகிறார் என்று சொல்ல வேண்டும். புதிதாக வேலைக்கு வந்த ஒரு பெண், ஒரு லோரி டிரைவரின் நீண்ட பதிலை 'இல்லை என்கிறார்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். அவளைக் கேண்டீனில் உட்கார வைத்து, "சுருக்கறதுக்கு நீ யாரும்மா? அவர் சொல்ற கீரை வெங்காயத்துலதான் அவர் தலையெழுத்தே இருக்கும்" என்று அரைமணி நேரம் பாடம் எடுத்தவள் நான். ஊருக்குத்தான் உபதேசம்.

பிசியோதெரபி அறை கிளினிக்கின் பின்பக்கம் இருந்தது. இரண்டு கட்டில், சுவரில் ஒரு கப்பி, அதில் கயிறு, கலர் கலராக ரப்பர் பட்டைகள். அங்கே இருந்தவர் பெயர் ஐனா. முப்பது வயதுக்குள் இருக்கும். முக்காடு, ஸ்போர்ட்ஸ் ஷூ. தாளைப் படித்துவிட்டு அக்காவின் இடது கையைப் பிடித்து மெதுவாக மேலே தூக்கினார். கை காதுவரை போனது. முதுகுப்பக்கம் கொண்டுபோனார். அதுவும் போனது.

"வலிக்குதா ஆன்டி?"

"இல்ல."

ஐனா தாளை மறுபடி பார்த்தார். பிறகு அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒரு குட்டி ஸ்டூலை இழுத்துப் போட்டு அக்காவுக்கு எதிரே உட்கார்ந்தார். ஸ்டூல் தாழ்வாக இருந்ததால் அக்காவை அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது.

"அப்ப எப்ப வலிக்கும்?"

நான் வாயைத் திறந்தேன். "மூணு மாசமா வலி, டாக்டர் வந்து..."

"தாப்பே, காக்" என்றார் என்னிடம். பரவாயில்லை அக்கா என்று அர்த்தம். பிறகு சிரித்துக்கொண்டே மலாயில், "வலி அவங்களுக்குத்தானே. ஆன்டியே சொல்லட்டும். எனக்கு அவசரம் இல்ல" என்றார்.

ஒரு அரசாங்க கிளினிக்கில் எனக்கு அவசரம் இல்லை என்று ஒருவர் சொல்லி நான் கேட்டது அன்றுதான். நிச்சயம் பொய். வெளியே ஆறு பேர் காத்திருந்தார்கள்.

அக்கா என்னைப் பார்த்தாள். ஐனாவைப் பார்த்தாள். ஐனா ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தார். அந்த மௌனம் எனக்குத்தான் தாங்கவில்லை. பிறகு அக்கா தன் சந்தை மலாயில் ஆரம்பித்தாள். லிஃப்ட், கீரை, முருங்கைக்காய், மூணாவது மாடிக்காரம்மா, சைக்கிள்... எல்லாம் வரிசையாக வந்தன. ஐனா ஒன்றையும் வெட்டவில்லை. "ஓ, நாலாவது மாடியா?" என்று மட்டும் ஒரு தடவை கேட்டார். "ரெண்டாவது மாடி வரைக்கும் ஒண்ணும் இல்லையா?" என்று இன்னொரு தடவை.

"ரெண்டாவது வரைக்கும் ஒண்ணும் இல்ல. அதுக்கு மேலதான் டாடா பெராட்" என்றாள் அக்கா. நெஞ்சு கனக்கிறது என்று சொல்கிறாள். கையை நடு நெஞ்சில் வைத்தாள். அங்கிருந்து இடது தோளுக்குத் தடவிக்கொண்டு போனாள். "இங்க ஆரம்பிச்சு இங்க வந்து நிக்கும். கொஞ்ச நேரம் நின்னா போயிடும்."

இது எனக்குப் புதுச் செய்தி இல்லை. முதல் தடவையே கீரைக்கும் சைக்கிளுக்கும் நடுவில் இதைத்தான் தமிழில் சொன்னாள். என் காதில் விழுந்தது. அதை நான் கேட்கவில்லை.

அக்கா நிறுத்தவில்லை. "வலி வந்தா நான் படியிலயே நின்னு ஹேண்ட்போனை எடுத்துப் பாப்பேன். யாராச்சும் பாத்தா மெசேஜ் பாக்கறேன்னு நெனைச்சுக்குவாங்க. இதோ, என் தங்கச்சி பின்னாடியே வருவா. அவளும் அப்படித்தான் நெனைக்கறா." பிறகு குரலைத் தாழ்த்தி ஐனாவிடம் மட்டும் சொல்வதைப் போலச் சொன்னாள். "எனக்கு பயமா இருக்கும்மா. தனியா இருக்கேன். படிக்கட்டுல விழுந்துட்டா யாரு வந்து பாக்கறது?"

உண்மைதான். அவள் படியில் நின்று ஹேண்ட்போன் பார்ப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். "ஏறி முடிச்சுட்டுப் பாருக்கா" என்று அலுத்துக்கொண்டும் இருக்கிறேன். தைப்பூசத்துக்குப் பத்துமலை போனபோது மேலே ஏறாமல் கீழேயே நின்று கும்பிட்டாள். கூட்டம் அதிகம் என்றாள். வருடம் தவறாமல் அத்தனை படியும் ஏறுகிறவள். கூட்டம் எந்த வருடம் இல்லை? அதையும் நான் கேட்கவில்லை.

ஐனா அக்காவின் கையை ஒரு தடவை அழுத்திப் பிடித்துவிட்டு எழுந்தார். "ஆன்டி, இன்னைக்கு எக்சர்சைஸ் வேணாம். இப்படியே உக்காந்திருங்க. நடக்காதீங்க" என்றார். யாரையும் அனுப்பவில்லை, தானே டாக்டர் அறைக்குப் போனார். ஐந்தே நிமிடத்தில் ஒரு சக்கர நாற்காலி வந்தது. அரைமணி நேரத்தில் இசிஜி முடிந்தது. மதியத்துக்குள் ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

ஆம்புலன்ஸில் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "ஏங்க்கா, நெஞ்சு கனக்குதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அக்கா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "சொன்னேனே பாப்பா. போனப்பல்லாம் சொன்னேன். நீதான் டாக்டர்கிட்ட சொல்லியாச்சுக்கான்னு சொன்ன" என்றாள்.

வேலியே பயிரை மேய்ந்த கதை தெரியுமல்லவா? அந்த வேலி நான்தான்.

ரத்தக்குழாயில் இரண்டு இடத்தில் அடைப்பு. இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். இதய டாக்டர் படத்தைக் காட்டி விளக்கினார். தோளில் ஒரு கோளாறும் இல்லையாம். நெஞ்சில் கிளம்பிய வலிதான் அங்கே போய்த் தெரிந்திருக்கிறது. "இன்னும் கொஞ்ச நாள் அந்தப் படிக்கட்டை ஏறியிருந்தா..." என்று தொடங்கியவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். மீதியை நானே முடித்துக்கொண்டேன். அந்த மூன்று வாரமும் தினமும் முடித்துக்கொண்டிருந்தேன்.

வார்டு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு புகார்க் கடிதம் எழுத ஆரம்பித்தேன். சட்டம் பார்த்த கை, சும்மா இருக்குமா? அந்த இளம் டாக்டர் அக்காவை ஒரு தடவையாவது நேராகப் பார்த்துக் கேட்டாரா? நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தாரா? காரசாரமாக ஒரு பக்கம் எழுதினேன். 'நோயாளி தன் அறிகுறிகளைத் தெளிவாகக் கூறியும்' என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. கூறினாள், சரி. யாரிடம்? அவரிடம் போய்ச் சேர்ந்தது என் நான்கு சொல்தானே. தாளை மடித்துக் கைப்பையில் போட்டேன்.

அவர் மேல் தப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். சுருக்கமாகக் கேட்க விரும்பினார், நான் சுருக்கமாகக் கொடுத்தேன். இரண்டு பேருக்கும் களைப்பு. இரண்டு களைத்தவர்கள் சேர்ந்து ஒருத்தியின் நெஞ்சு வலியைத் தோள் வலியாக்கிவிட்டோம். இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. கெட்ட எண்ணம் இருந்தாலாவது யாரையாவது பிடித்துத் திட்டலாம்.

அதற்குப் பிறகு காத்திருக்கும் கூடங்களில் சுற்றிலும் பார்க்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு நோயாளிக்கும் பக்கத்தில் ஒரு வாய் உட்கார்ந்திருக்கிறது. மகள், மருமகன், தம்பி. நர்ஸ் பெயரைக் கூப்பிட்டால் அந்த வாய்தான் முதலில் எழுகிறது. நோய் உள்ளவருக்கு வாய் இல்லை, வாய் உள்ளவருக்கு நோய் இல்லை. நாம் பாசத்தில்தான் செய்கிறோம். இங்கிலீஷ் தெரியாத அப்பா, கூச்சப்படுகிற அம்மா... நாம் பேசாமல் யார் பேசுவது என்கிறோம். அவர்கள் பேசட்டும், தெரியாத இடத்தில் மட்டும் நாம் எடுத்துக் கொடுக்கலாம் என்று எனக்கு ஏன் மூன்று மாதம் தோன்றவில்லை?

இன்னொரு விஷயம். அக்கா வீட்டு மேஜை டிராயரைச் சுத்தம் செய்தபோது, அந்த வலி மாத்திரைகள் அத்தனையும் பிரிக்காமல் கிடந்தன. ஜெல்லின் மூடிகூடத் திறக்கவில்லை. ஏனென்று கேட்டேன். "என்னன்னு கேக்காமலே குடுத்த மாத்திரை, அது எப்படி கேக்கும்?" என்றாள்.

இப்போது கொடுத்திருக்கிற மாத்திரைகள் ஏழு. நேரம் தவறாமல் போடுகிறாள். போன வாரம் ஐனாவைப் பார்க்கப் போயிருந்தோம். அக்கா அவருக்காக அதிரசம் எடுத்து வந்திருந்தாள். ஐனா பத்து நிமிடம் உட்கார்ந்து, படி எப்படி ஏற வேண்டும், எத்தனை படிக்கு ஒரு தடவை நிற்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். நின்றால் ஹேண்ட்போன் பார்க்கத் தேவையில்லை, சும்மாவே நிற்கலாம் ஆன்டி என்றார். இருவரும் சிரித்தார்கள். இதையே நான் சொல்லியிருந்தால் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். அந்தப் பெண் சொன்னால் செய்கிறாள். லிஃப்ட் ஓடுகிற நாளில்கூட ஒரு மாடி மட்டும் நடந்து ஏறுகிறாளாம். ஸ்டென்ட் வைத்த டாக்டருக்கு நான் ஆயுசுக்கும் கடமைப்பட்டவள். ஆனால் அக்காவின் பயத்தைப் பாதியாகக் குறைத்தது அந்தக் குட்டி ஸ்டூல்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. மருத்துவம் படித்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்களோ என்னவோ.

போன வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் அக்காவுக்கு இதய கிளினிக். இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். எனக்கு முதுகு விட்டுப்போயிருந்தது. நம்பர் வந்ததும் இருவரும் எழுந்தோம்.

"நீ இங்கயே உக்காரு பாப்பா" என்றாள் அக்கா.

"இல்லக்கா, டாக்டர் ஏதாச்சும் கேட்டா..."

"கேட்டா நான் சொல்றேன் லா. ஒனக்கும் அலுப்பா இருக்குல்ல, கொஞ்ச நேரம் கண்ண மூடு." தன் கைப்பையை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். கதவு மூடியது.

கோபம் வந்ததா? வரவில்லை. கொஞ்சம் அழுகை வந்தது. பிறகு நிம்மதியாகவும் இருந்தது.

ஐந்து நிமிடம் ஆனது. பத்து ஆனது. வரிசையில் இருந்தவர்கள் நெளிய ஆரம்பித்தார்கள். பதினைந்து நிமிடம் ஆனதும், பக்கத்து நாற்காலியில் இருந்த ஒரு அங்கிளுக்குப் பொறுமை போய்விட்டது. "உள்ள யாரும்மா அது? இவ்ளோ நேரமா என்ன பேசறாங்க?" என்று என்னிடம் கேட்டார்.

"எங்க அக்கா அங்கிள்" என்றேன். "கொஞ்சம் பொறுத்துக்குங்க. மூணு மாசமா நான் பேச விடல."